பாத் சாலை விடுதிக்காரரும் அவர் மனைவியும்

என் மாமியார் குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர், லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகும் பழைய சாலையில், வில்ட்ஷைர் மாவட்டத்தில் ஒரு சின்னச் சந்தை ஊரில் விடுதி நடத்தினாராம். டிக் டர்ப்பின் என்ற வழிப்பறிக் கொள்ளைக்காரன் அங்கே வந்து குடித்துவிட்டுக் காசு கொடுக்காமலே குதிரையேறிப் போய்விட்டானாம். இங்கிலாந்தில் பழைய விடுதி எதற்குள் நுழைந்தாலும் டர்ப்பின் படுத்த அறை, டர்ப்பின் உட்கார்ந்த நாற்காலி என்று ஏதாவது காட்டுவார்கள், அதனால் கதையின் அந்தப் பாதியை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டேன். அவனை 1739 ஏப்ரலில் யார்க்கில் தூக்கில் போட்டுவிட்டார்கள். பின்னால் தெரிந்தபடி நம் ஆள் விடுதியைக் குத்தகைக்கு எடுத்ததே 1760களில்தான்.

மிச்சம் இருந்தது ஒரு குடும்பப் பெயர், ஒரு ஊர், விடுதி என்ற தகவல். மாமியாருக்கு இப்போது பொடி எழுத்து படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை, மகனுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது, ஆகவே பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள் கைக்கு வேலை வந்து சேர்ந்தது. சபை ரெஜிஸ்டர், ஞானஸ்நானப் பதிவு எல்லாம் எனக்குப் புதிதில்லை என்பது ஒரு காரணம். இப்படி ஓர் ஆளைத் தேடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் நான் போன வழியை எழுதிவைக்கிறேன். குடும்பத்தார் இன்னும் அங்கே வாழ்கிறார்கள் என்பதால் ஊரையும் பெயரையும் சொல்லவில்லை.

எல்லோரும் தேவாலயப் பதிவேட்டில்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஊர்க் கோயில்கள் 1538-லிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு. வில்ட்ஷைரின் பழைய ஏடுகள் ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படமாகவே கிடைக்கின்றன. காசு கட்ட விருப்பமில்லை என்றால் பல பொது நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம், ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இரண்டு தளங்களும் எப்போதுமே இலவசம். ஆனால் பெயர்தான் கிடைக்குமே தவிர ஆள் கிடைக்க மாட்டார். ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் 1813-க்கு முன்னால் அச்சிட்ட படிவம் இல்லை. அடக்கப் பதிவு என்றால் பெரும்பாலும் தேதியும் பெயரும் மட்டும். வயது இருக்காது, தொழில் இருக்காது. ஞானஸ்நானத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஏட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே காலத்தில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இந்த மூவரில் விடுதிக்காரர் யார் என்று ஏட்டை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது.

பழைய செய்தித்தாள்கள் வேண்டியது இங்கேதான். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்று பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து 2011-ல் தொடங்கிய தளம் இருக்கிறது. பாத் சாலையைப் பொறுத்தவரை சாலிஸ்பரி ஜர்னல், பாத் கிரானிக்கிள், ரெடிங் மெர்க்குரி, ஆக்ஸ்ஃபோர்ட் ஜர்னல் நான்கையும் பார்க்க வேண்டும். எல்லாம் நாலு பக்க வாரப் பத்திரிகைகள். அதில் ஆளுடைய பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்று எதுவும் வராது, இல்லையென்றால் ஆயிரம் வரும். காரணம் என்னவென்றால், சாதாரண விடுதிக்காரர் செய்தியில் வரும் ஆள் இல்லை, அவருடைய விடுதிதான் செய்தியில் வரும். அந்தக் காலத்தில் ஊரில் எது நடந்தாலும் விடுதியில்தான் நடந்தது. நிலம் ஏலம், மர ஏலம், கடன்காரர்கள் கூட்டம், சேவல் சண்டை, சாலைச் சுங்கச்சாவடியை ஏலம் விடுவது, நீதிபதிகள் கூடுவது எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு அறிவிப்பிலும் 'இன்னார் வீட்டில், இன்ன பலகை தொங்கும் விடுதியில்' என்று நடத்துகிறவர் பெயரோடு போடுவார்கள்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு விடுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேட ஆரம்பித்தேன். எங்கள் விடுதியின் பெயர் ஒயிட் ஹார்ட் மாதிரி ஊருக்கு ஊர் இருக்கும் பெயர், ஆகவே ஊர்ப் பெயர் இல்லாமல் தேடினால் அடுத்த மாவட்டத்துக்காரர்களும் சேர்ந்து வந்து நிற்பார்கள். கிடைத்த ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரு நோட்டில் ஆண்டு, தேதி, பத்திரிகை, விடுதியை நடத்துகிறவர் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். சுங்கச்சாவடி ஏலம் அநேகமாக வருஷா வருஷம் வரும் என்பதால் அதுவே ஒரு கணக்கெடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று கோடு போட்டது போலத் தெரிந்துவிட்டது.

தேடும்போது ஒரு விஷயம். 1800 வரைக்கும் ஆங்கில அச்சில் சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்து பார்க்க 'எஃப்' போலவே இருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே படித்து வைத்திருக்கும். 'சாலிஸ்பரி' என்று தேடினால் வராதது 'சாலிஃப்பரி' என்று தேடினால் வரும், 'ஹவுஸ்' என்பது 'ஹவுஃப்' ஆகியிருக்கும். குடும்பப் பெயரின் நடுவில் அந்த எழுத்து இருந்தால் இரண்டு விதமாகவும் தேடியே ஆகவேண்டும். மை கசிந்து ஒரு பத்திரிகையில் அழிந்துபோன அறிவிப்பு இன்னொன்றில் தெளிவாக இருக்கும், ஏனென்றால் ஒரே விளம்பரத்தை இரண்டு மூன்று பத்திரிகைக்குக் கொடுப்பார்கள், செய்தியை ஒருவரைப் பார்த்து ஒருவர் போடுவார்கள்.

சரி, நம் ஆள். 1760களின் நடுவில் அவர் விடுதியை எடுத்தபோது போட்ட விளம்பரம் கிடைத்தது. எல்லா விடுதிக்காரரும் போடும் அதே அச்சுதான்: சீமான்கள், கனவான்கள் மற்றும் பொதுமக்களுக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது, இன்ன விடுதியை எடுத்துச் செப்பனிட்டிருக்கிறேன், நல்ல படுக்கை, தரமான ஒயின், வாடகைக்குப் போஸ்ட் சேஸ் என்ற பயணக் குதிரை வண்டி, நம்பகமான வண்டிக்காரர்கள். இதில் உருப்படியான தகவல் ஒன்றே ஒன்று, இதற்கு முன் பக்கத்து ஊரில் வேறொரு விடுதியில் இருந்தவர் என்பது. மூவரில் இருவர் அந்த நிமிடமே கழிந்துபோனார்கள், ஏனென்றால் அதே வருஷங்களில் அவர்கள் உள்ளூரிலேயே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து ஊர் ஏட்டில் அவர் திருமணம் இருந்தது. 1754 மார்ச் 25-லிருந்து ஹார்ட்விக் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் திருமண ஏடு மட்டும் மற்றதைவிடப் பேசும்: மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து நல்ல பழக்கப்பட்ட கை, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துப் பெயருக்குக் கீழே கோடாக இழுத்திருந்தார். பெண்ணின் இடத்தில் ஒரு சிலுவைக் குறி, அதைச் சுற்றிப் பாதிரியாரின் கையில் அவள் பெயர். சாட்சி பெயரைப் பார்த்து உறவு தேட ஆரம்பித்துவிடாதீர்கள். முன்பின் பக்கங்களைப் புரட்டினால் அதே சாட்சி எல்லாத் திருமணத்திலும் இருப்பார். கோயில் எழுத்தர், வேலையே அதுதான். இன்னொரு சாட்சி அந்தப் பக்கத்தில் மட்டும் வருகிறார் என்றால் அவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்காமல் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்திருந்தால் அது நமக்கு அதிர்ஷ்டம். கையில் கொஞ்சம் காசுள்ள விடுதிக்காரர்கள் பலர் அப்படிச் செய்வார்கள். சாலிஸ்பரி மறைமாவட்டத்தின் லைசென்ஸ் பத்திரங்கள் 1615-லிருந்து 1837 வரை சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷைர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் ஆளின் பத்திரத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'விடுதிக்காரர்' என்று தொழில் இருந்தது, கீழே அதே வால் சுழித்த கையெழுத்தும் இருந்தது. பதிவேட்டு ஆளும் பத்திரிகை ஆளும் ஒரே ஆள்தான் என்று சொல்வதற்கு இப்படி ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். அது வரைக்கும் எல்லாம் ஊகம்தான், இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பாதிக்கு மேல் இந்த ஊகத்தில்தான் நிற்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் 1770களின் நடுவில் என் நோட்டில் பெயர் மாறியது. ஏல அறிவிப்பில் அவர் பெயர் போய் அவர் மனைவி பெயர் வந்தது. இறப்புச் செய்தி ஒன்றரை வரி: 'செவ்வாய்க்கிழமை இறந்தார், ஒயிட் ஹார்ட் விடுதியின் தலைவர்' என்கிற தோரணையில். திங்கட்கிழமை வெளியான பத்திரிகை என்பதால் அதற்கு முந்தைய செவ்வாய் எது என்று எண்ணி, அதற்கடுத்த சில நாட்களில் ஏட்டில் யார் அடக்கமானார் என்று பார்த்தேன். அதே பெயரில் அந்த வருஷம் இரண்டு அடக்கம், ஒன்று மாசியில், ஒன்று ஐப்பசியில். பத்திரிகை இல்லையென்றால் எது அவர் என்று இன்றைக்கும் தெரிந்திருக்காது.

சில வாரங்களில் அந்த அம்மாள் விளம்பரம் கொடுத்திருக்கிறார். காலஞ்சென்ற கணவருக்குக் காட்டிய ஆதரவுக்கு நன்றி, விடுதியை நானே தொடர்ந்து நடத்துகிறேன் என்று. இதுவும் எல்லா விதவைகளும் போட்ட அச்சுதான், ஆனால் எனக்கு இதற்குப் பிறகு விடுதிக்காரரைவிட இவர்மேல்தான் ஆர்வம். கணவரின் உயிலும் கிடைத்தது. 1858-க்கு முன்னால் உயில்கள் சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டவை, வில்ட்ஷைர்க்காரர்களுடையதும் ஆன்செஸ்ட்ரியில் இருக்கின்றன, பெரிய சொத்து என்றால் கான்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அதை அரசு ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் பார்க்கலாம். விடுதிச் சாமான், குதிரை, வண்டி எல்லாம் மனைவிக்கு, ஆனால் 'அவள் என் விதவையாக இருக்கும் வரை' என்ற நிபந்தனையோடு. மறுமணம் செய்தால் மகளுக்குப் பங்கு. மகளின் பெயர் உயிலில் இருந்தது, என் மாமியார் வம்சம் அந்த மகளிலிருந்துதான் வருகிறது. கதை கேட்ட நாளிலிருந்து தேடிய முடிச்சு இதுதான்.

கோயில் கணக்குப் புத்தகத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. அதில் நவம்பர் 5, நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்ட நாளுக்கு மணியடித்தவர்களுக்குப் பீர் வாங்கிய செலவு வருஷா வருஷம் வரும், யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்றும் இருக்கும். சில வருஷங்கள் அந்த அம்மாளின் பெயரில் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பெண்ணிடம் தொடர்ந்து வியாபாரம் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

1770களின் கடைசியில் பெயர் மறுபடி மாறியது, இந்த முறை சம்பந்தமே இல்லாத குடும்பப் பெயர். விடுதி கைமாறிவிட்டது என்று இந்த இடத்தில்தான் தேடலை நிறுத்திவிடத் தோன்றும். அப்படி நிறுத்துமுன் திருமண ஏட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள். அந்த அம்மாள் இரண்டாம் கல்யாணம் செய்திருந்தார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் பொருளும் தொழிலும் கணவன் பெயருக்குப் போய்விடும், 1882-ல் முழுச் சட்டம் வரும் வரை அப்படித்தான். ஆகவே பத்திரிகையில் புது விடுதிக்காரர் வந்தது போலத் தெரிகிறது, சமையலறைக்கும் கணக்குக்கும் அதே ஆள்தான். அந்த இரண்டாம் திருமணப் பதிவில் 'விதவை' என்று குறித்திருந்தது, அவருடைய இடத்தில் சிலுவை இல்லை. பெயரே இருந்தது. பெரிய பெரிய எழுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், வலது பக்கம் போகப் போக வரி கீழே இறங்கியிருந்தது, நடுவில் பேனாவை மையில் மறுபடி தோய்த்த இடத்தில் ஒரு பொட்டு. விதவையாக விடுதி நடத்திய வருஷங்களில் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்களும் சில சமயம் சிலுவை போட்டதுண்டு என்று அறிந்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் பழகிய கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடுவில் தேதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1752 வரை இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஏட்டில் '1735 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1736. அந்த அம்மாளின் பெற்றோர் 1735 மே மாதம் கல்யாணம் செய்து 1735 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஏடு சொன்னது. மாமியார் முகம் சுளித்தார். கணக்குப் பார்த்தால் சரியாக ஒன்பது மாதம். அதே 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, நடுவில் பதினொரு நாள் கிடையாது. இன்னொன்று, 1783 அக்டோபரிலிருந்து ஏட்டில் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மொத்தமாக ஞானஸ்நானம் நடந்திருப்பதைப் பார்க்கலாம், அதெல்லாம் ஒரே பிரசவம் இல்லை.

இரண்டாம் கணவர் கதையை லண்டன் கெஜட் என்ற அரசிதழ் முடித்துவைத்தது. 1780களில் திவால் அறிவிப்பு, 'விடுதிக்காரர், டீலர் அண்ட் சாப்மேன்' (வாங்கி விற்கும் வியாபாரி) என்று. கடைசியில் ஒட்டிய அந்தச் சொற்களைப் பார்த்து அவர் வேறு வியாபாரமும் செய்தார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் வியாபாரிகள்தான் திவாலாக முடியும், மற்றவர்கள் கடனுக்குச் சிறைக்குப் போக வேண்டியதுதான், அதனால் எல்லோருக்கும் ஒட்டிய சட்டச் சொற்றொடர் அது. விசாரணைக் கூட்டம் எதிர்ப்பக்கத்துப் போட்டி விடுதியில் நடந்திருக்கிறது, அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் எரிச்சல் வருகிறது. ஓவியர் தாமஸ் லாரன்ஸ் இருக்கிறாரே, பின்னால் ராயல் அகாடமியின் தலைவரானவர், அவருடைய அப்பாவும் 1770களில் இதே வட்டாரத்தில் டிவைசஸ் ஊரில் 'பேர்' (கரடி) என்ற விடுதியை எடுத்து நடத்தி நொடித்துப்போனவர்தான். குதிரை, வைக்கோல், ஓட்ஸ், வண்டி எல்லாம் கடனில் ஓடும் தொழில்.

திவாலான எங்கள் விடுதியின் சாமான்களுக்குப் போட்ட ஏல விளம்பரம் நீளம். இறகு மெத்தைகள், திரையோடு கட்டில்கள், மகாகனி சாப்பாட்டு மேசைகள், வெள்ளீயத் தட்டுகள், பீர் காய்ச்சும் செப்பு அண்டாக்கள், பீப்பாய்கள், போஸ்ட் சேஸ் வண்டிகள், சேணங்கள், வைக்கோல் போர். அந்த விடுதியின் உள்ளே எப்படி இருந்தது என்று எந்தப் பதிவேடும் எனக்குச் சொல்லவில்லை, விற்றுத் தொலைத்தபோது போட்ட பட்டியல்தான் சொன்னது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: சன் தீக்காப்பீட்டு அலுவலகத்தின் ஏடுகள் 1710-லிருந்து லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன, கட்டடம் செங்கல்லா கூரை வைக்கோலா என்பது வரை எழுதியிருப்பார்கள், போர்த்துறை 1756-ல் ஊர்வாரியாக எடுத்த கணக்கு நேஷனல் ஆர்க்கைவ்ஸில் இருக்கிறது, எந்த ஊரில் எத்தனை விருந்தினர் படுக்கை, எத்தனை குதிரைக்கு லாயம் என்று, படையைத் தங்கவைக்க.

அந்த அம்மாளின் அடக்கம் 1790களின் தொடக்கத்தில், அதே ஊரில். பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்து. ஏழை என்று அர்த்தம், ஏழைகளுக்கு அந்த மூன்று பென்ஸ் வரி கிடையாது. மாமியார் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. விடுதி நடத்திய அம்மாள் தர்மக் காசில் அடக்கமாகியிருக்க மாட்டாள் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. வரியை வெறுத்த பாதிரியார்கள் கேட்டவருக்கெல்லாம் 'பி' போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பக்கத்திலேயே பாதிப் பேருக்கு 'பி' இருக்கிறது. இதைத் தீர்க்க ஏழைகள் நிவாரணக் கணக்கேடு வேண்டும், வாராவாரம் யாருக்கு எத்தனை ஷில்லிங் கொடுத்தார்கள் என்று பெயரோடு இருக்கும் புத்தகம். எங்கள் ஊருக்கு அந்த வருஷங்களின் ஏடு சிப்பன்ஹாமில் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. இன்னும் ஒளிப்படமாக்கவில்லை, நேரில்தான் பார்க்க வேண்டும். முன்கூட்டியே இடம் பதிவு செய்து, ஏட்டின் குறியீட்டு எண்ணையும் எழுதி அனுப்பிவிட்டுப் போனால் நாள் வீணாகாது, பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். இந்த முறை மாமியாரும் வருகிறேன் என்றிருக்கிறார், பூதக்கண்ணாடியோடு.